சுதந்திரத்தைக் கப்பலேற்றிய சபை

பாரீஸில் ராஜாவின் சிறைக்கோட்டையை ஜனங்கள் இடித்துத் தள்ளிவிட்டார்கள் என்ற செய்தி ஓர்த்தான்ஸ் தீவுக்கு வந்து சேர்ந்த நேரத்தில், செராஃபின் தன் எசமானின் சட்டைக் காலருக்கு மரவள்ளிக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாவு மூட்டைகளும் ஒயின் பீப்பாய்களும் வந்த அதே கப்பலில்தான் புரட்சியும் வந்து இறங்கியது. நீண்ட பயணத்தில் மாவில் பாதி கெட்டுப்போயிருந்தது. புரட்சி கெடவில்லை என்று துறைமுகத்தில் சொல்லிக்கொண்டார்கள்.

எசமான் தெ போன்வால் துரை மாடி முகப்புக்கு ஓடிவந்தார். தலையில் வைத்திருந்த பொய்முடியைக் கழற்றி வானத்தில் வீசினார்.

"நாம் விடுதலை அடைந்துவிட்டோம்! நம் கால் விலங்கு நொறுங்கியது! இனி இந்தத் தீவில் அடிமை என்று எவனும் இல்லை!"

முற்றத்தில் கரும்பு வண்டி தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். வண்டி மட்டும் கொஞ்ச தூரம் தானாகப் போய்க் கோழிக் கூண்டில் மோதியது. செராஃபின் நிமிர்ந்தாள். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னடி நின்னுட்ட?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் எசமானி யூலாலி.

"விடுதலைன்னு சொல்றாங்களேம்மா..."

"அது எங்களுக்குடி. கஞ்சி காயுது பாரு."

செராஃபின் இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள். புரட்சியின் முதல் நாள் அவளைப் பொறுத்தவரை இவ்வளவுதான்.

அடுத்த வாரமே தீவின் துரைமார்கள் கூடித் தங்களுக்கு ஒரு மக்கள் சபையை அமைத்துக்கொண்டார்கள். மக்கள் என்றால் சர்க்கரைத் தோட்டம் வைத்திருந்தவர்கள். தலைவராகத் தெ போன்வால் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெயருக்கு முன்னால் 'தெ' என்று வைத்துக்கொள்வது பிரபுக்களின் திமிர் என்று பாரீஸில் முடிவு செய்திருந்தபடியால், அவர் கண்ணீர் மல்க எழுந்து நின்று, மூன்று தலைமுறையாக வந்த அந்த 'தெ'யைச் சபை நடுவே துறந்தார். முன்னால் இருந்தது போய்விட்டது. வால் மட்டும் மிஞ்சியது. அன்று முதல் அவர் குடிமகன் போன்வால்.

துரை, பிரபு என்ற பட்டங்களையெல்லாம் ஒழித்து, எல்லோரும் ஒருவரை ஒருவர் 'குடிமகனே' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அவர்கள் காலையிலிருந்து ரம் குடிக்கிறவர்கள் என்பதால் அந்தப் பெயர் சீக்கிரமே ஒட்டிக்கொண்டது. வீட்டு வேலைக்காரர்கள் எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. எசமான் என்றால் சட்டவிரோதம். குடிமகனே என்றால் மரியாதைக் குறைவு. இரண்டு நாள் விவாதித்து, அடிமைகள் 'குடிமகன் எசமான்' என்று கூப்பிடலாம் என்று முடிவாயிற்று. எசமான்கள் அடிமைகளை எப்போதும் போல 'டேய்' என்றே கூப்பிடலாம். அதில் திருத்தம் தேவைப்படவில்லை.

சபை கூடியது போன்வாலின் சர்க்கரைக் கிடங்கில். கிடங்குக்கும் செராஃபினின் இஸ்திரிக் கொட்டடிக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைச் சுவர்தான். அதனால் சபையில் நடந்த எதையும் அவள் தவறவிட்டதில்லை.

முதல் பெரிய சொற்பொழிவை அவள் தலைவரின் அரைக்கால் சட்டையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"பெருமக்களே! அடிமைத்தனத்தின் கொடுமை நம்மைவிட யாருக்குத் தெரியும்? நம் சர்க்கரைக்கு வரி போட்டது யார்? மன்னரின் மந்திரி! நம்மை ஒரு வார்த்தை கேட்டாரா? ஒருவன் வியர்வையின் பலனை இன்னொருவன் கேட்காமல் பிடுங்கிக்கொள்வதா? மனிதனாகப் பிறந்த எவனாவது இதைப் பொறுத்துக்கொள்வானா?"

"பொறுக்க முடியாதுதாங்க" என்றான், மூலையில் நின்று விசிறிக் கயிறு இழுத்துக்கொண்டிருந்த பஸ்தியான்.

எல்லாத் தலைகளும் மூலைப்பக்கம் திரும்பின. சபைச் செயலாளர் பிதூ எழுந்தார். ஒல்லியான வக்கீல். பாரீஸிலிருந்து வந்த விழா முறைகள், பதவி வரிசைகள், எதற்கு எத்தனை அடி முன்னால் வந்து வணங்குவது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சுதந்திரம் பற்றிப் பேசும்போது வேலைக்காரர்கள் காதில் பஞ்சு அடைத்திருக்க வேண்டும் என்று அவர் முன்மொழிந்தார். கைதட்டி நிறைவேற்றினார்கள்.

இதனால் வந்த வினையைச் சபை எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் கேட்டால் பஸ்தியான் விளக்கைக் கொண்டுவந்தான். விசிறியை வேகமாக இழு என்றால் கும்பிட்டுவிட்டு வெளியே போனான். ஆகவே உறுப்பினர்கள் அவனிடம் கத்த ஆரம்பித்தார்கள். கத்திக் கத்திப் பழகிப்போய், தங்களுக்குள்ளும் கத்தியே பேசினார்கள். மனிதனின் உரிமைகளைப் பிதூ வாசித்த அன்று துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்குக்கூட ஒவ்வொரு வரியும் தெளிவாகக் கேட்டது. மனிதர் எல்லோரும் பிறப்பிலேயே சுதந்திரமானவர்கள் என்ற வரியை அவர்கள் மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்று கேட்டார்கள்.

சதுக்கத்தில் சுதந்திர மரம் ஒன்றையும் நட்டார்கள். குழி வெட்டியது தோட்டத்து ஆட்கள். நட்டபின் அந்த மரத்தை அடிமைகள் யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. குடிமக்களில் வாளி தூக்கத் தெரிந்தவர் எவரும் இல்லாததால் மரம் ஒரு மாதத்தில் பட்டுப்போனது. அதற்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

இப்படியே வருடங்கள் போயின. செராஃபின் புரட்சியின் மூவண்ண ரிப்பனில் பூ தைத்தாள். தொப்பிக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று, எசமானியின் நாய்க்கு ஒன்று. மாலையானால் பட்டறைக்குப் போய்த் தன் புருஷன் எக்தோருடன் உட்கார்ந்து கருவாடும் மரவள்ளியும் சாப்பிட்டாள். எக்தோர் அந்தத் தோட்டத்துக் கொல்லன். பெரிய உருவம். எதையும் நிதானமாக யோசித்துப் பேசுகிறவன். அந்த நிதானம்தான் அவனுக்கு எமனாக வந்தது.

ஆண்டு விழாவுக்கு ஓர் ஊர்வலம் என்று சபை தீர்மானித்தது. அதில் தலைவர் போன்வால், துன்பப்பட்ட பிரெஞ்சு மக்களாக வேடம் கட்டி, சங்கிலியோடு நடந்து வந்து, சுதந்திர தேவியின் காலில் விழ வேண்டும். அவரே பட்டறைக்கு வந்தார்.

"எக்தோர், நல்ல கனமா ஒரு சங்கிலி வேணும்டா. பாக்கிறவங்க அழுதுடணும்."

"யாருக்குங்க, குடிமகன் எசமான்?"

"எனக்குத்தான்."

எக்தோர் சுத்தியலைத் தவறவிட்டான். பிறகு எடுத்துக்கொண்டு, "கழுத்துக்கா, காலுக்கா?" என்று கேட்டான்.

"கால்ல போட்டா எப்படி இருக்கும்?"

"மொதல்ல தோல் உரியும். அப்புறம் புண்ணாவும். அப்புறம் மரத்துப் போயிடும், பழகிடும்."

"ஐயையோ! அப்ப உள்பக்கம் பட்டு வெச்சுத் தைச்சுடு. உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு."

"சரிங்க." எக்தோர் உலைக்கு இரண்டு துருத்தி ஊதினான். "குடிமகன் எசமான், ஒண்ணு கேக்கலாங்களா? மனுசன் பொறக்கும்போதே சுதந்திரமாப் பொறக்கிறான்னு அன்னிக்குச் சபையில கத்துனீங்க. நான் இந்தப் பட்டறைக்குப் பின்னாலதான் பொறந்தேன். நல்லா கத்தி அழுதேன்னு எங்கம்மா சொல்லியிருக்கா. சுதந்திரத்தப் பத்தி அவ ஒண்ணும் சொல்லல. அது எப்பத் தொலைஞ்சுதுன்னு தெரிஞ்சா, நான் தேடிப் பாப்பேன்."

அன்று மாலையே அவனைத் துறைமுகச் சிறையில் போட்டார்கள். குற்றம்: சுதந்திரத்தைக் காணவில்லை என்று பொய்ப் புகார் கொடுத்தது. அடுத்து வரும் கப்பலில் ஸ்பானியர்களின் சுரங்கத்துக்கு அவனை விற்றுவிடுவது என்று தண்டனை. அந்தச் சுரங்கத்திலிருந்து திரும்பி வந்தவன் என்று யாரையும் ஒருவரும் பார்த்ததில்லை.

செராஃபின் எசமானியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அழாதடி, வேற ஆள் பாத்துத் தரேன்" என்றாள் யூலாலி. அவள் குரலில் உண்மையான பரிவு இருந்தது. "கொல்லன் ஒருத்தன்தானா உலகத்துல? சமையக்கட்டுல அந்தத் தோமா இருக்கான், பல்லெல்லாம் நல்லா இருக்கு."

செராஃபின் எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். தலைவரின் விழாச் சட்டையில் வைத்தாள். கருகும் வாசனை வந்த பிறகுகூட அவளுக்கு அதை எடுக்கத் தோன்றவில்லை.

கப்பல் வந்தது. ஆனால் வந்தது ஸ்பானியக் கப்பல் இல்லை. மூவண்ணக் கொடி பறக்கும் பெரிய போர்க்கப்பல். குடியரசின் ஆணையர் ஒருவர் பாரீஸிலிருந்து ஏதோ புதிய சட்டத்தோடு வந்திருக்கிறார் என்று படகோட்டிகள் செய்தி கொண்டுவந்தார்கள். சபை நடுங்கியது. பாரீஸில் இப்போதெல்லாம் தலைகளைச் சீவுவதற்கு ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்கள் என்றும், பக்தி குறைவாகத் தெரிகிறவர்களை அதில் படுக்க வைக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தார்கள். ஆகவே நம்மைவிடச் சுதந்திரமானவர்கள் உலகத்திலேயே இல்லை என்று காட்டிவிட வேண்டும் என முடிவாகி, ஊர்வலத்தை அன்று காலையே நடத்தினார்கள்.

தேவி வேடம் யூலாலிக்கு. அதற்காக ஊர் எசமானிகளுக்குள் ஆறு மாதம் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. வெள்ளை மஸ்லின் அங்கி, சிவப்புக் குல்லாய், கையில் ஈட்டி. பளிங்குச் சிலை போலத் தெரிய வேண்டும் என்பதற்காக முகம், கழுத்து, கை எல்லாவற்றிலும் கெட்டியாக மாவு. வண்டியில் ஏறி வெயிலில் நின்ற தேவி, ஆணையரின் படகை இன்னும் இறக்கவே இல்லை என்று கேள்விப்பட்டதும் மயங்கி, மாவோடு மாவாகச் சரிந்தாள்.

மற்ற எசமானிகளைக் கெஞ்சினார் பிதூ. "அவ போட்டு வேர்த்ததை நான் போடுவேனா?" என்று ஒவ்வொருத்தியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் படகு கரையை நெருங்கிவிட்டது. அங்கியைக் கையில் ஏந்தி நின்ற செராஃபினைப் பிதூ மேலும் கீழும் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. தைக்கும்போது அளவு பார்த்ததே அவள் உடம்பில்தான்.

"மாவு எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று கேட்டார்.

மாவு பூசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பாடம் நடத்தினார். "பேசாத. சிரிக்காத. குனியாத. யாருக்கும் வணக்கம் போடாத. சுதந்திரம் யாருக்கும் தலை வணங்காது."

"எசமானுக்குமாங்க?"

"அவருக்கும்தான். அவர்தான் உனக்கு வணங்குவார். கடைசியில புறாக் கூண்டு கொண்டுவருவாங்க. அப்ப 'கூண்டைத் திற'ன்னு ஒரே வசனம். அவ்வளவுதான்."

ஊர்வலம் துறைமுகத்துக்கு வந்தது. பட்டு வைத்துத் தைத்த சங்கிலியைப் பூட்டிக்கொண்டு போன்வால் தள்ளாடி வந்து தேவியின் முன்னால் மண்டியிட்டார். அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாகத் தினமும் காலையில் அவருக்குக் கழுத்துப்பட்டி கட்டிவிட்ட முகம். அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"தேவியே! உன்மேல் ஆணையாக இந்தச் சபை இன்று புதுப்பிறவி எடுக்கிறது. உன் சொல்லே எங்கள் சட்டம். உன்னை அவமதிப்பவன் தலை மண்ணில் உருளட்டும்!"

உறுப்பினர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றிச் சத்தியம் செய்தார்கள். செராஃபின் குனியவில்லை. ஈட்டியை ஊன்றிக்கொண்டாள்.

ஆணையர் கரையேறினார். பாரீஸில் புனிதர்களின் பெயர்களையெல்லாம் ஒழித்துவிட்டு, நாட்காட்டியின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காய், ஒரு பூ, ஒரு மிருகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். தீவிரமான புரட்சிக்காரர்கள் தாங்கள் பிறந்த நாளின் பெயரைத் தங்களுக்கும் சூட்டிக்கொண்டார்கள். அந்த வகையில் இவர் பெயர் பூசணி. கொத்தவரங்காய் போல இருந்தார். கடல் பயணத்தில் முகம் பச்சையாகியிருந்தது.

குடிமகன் பூசணி ஒரு பீப்பாய் மேல் ஏறிச் சட்டத்தைப் படித்தார். குடியரசின் எல்லாத் தீவுகளிலும் அடிமை முறை இன்றோடு ஒழிந்தது. என்ன நிறமானாலும் சரி, எல்லோரும் பிரெஞ்சுக் குடிமக்கள்.

மூட்டை சுமந்து நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொரு தடவ படிங்க!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். அவர் மறுபடி படித்தார்.

பஸ்தியான் காதுப் பஞ்சை எடுத்தான். "என்னவாம்? என்ன சொன்னாரு?"

மூன்றாம் தடவை படித்தார். ஓர் ஆள் சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்து இன்னொருவன். துறைமுகம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. துரைமார்கள் மட்டும் தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள்.

என்ன செய்வதென்று தெரியாத பிதூ நிகழ்ச்சி நிரலைப் பிடித்துக்கொண்டார். "புறாக்கள்!" என்று அலறினார். புறாக் கூண்டு வந்தது.

"கூண்டைத் திற" என்றாள் தேவி.

போன்வால் சங்கிலி குலுங்கக் கூண்டுக்குப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"அது இல்லீங்க." தேவியின் ஈட்டி மெதுவாகத் திரும்பி, துறைமுகக் கோடியில் இருந்த சிறையைக் காட்டியது. கன்னத்து மாவில் கண்ணீர் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு இறங்கியது. "அந்தக் கூண்டு."

போன்வாலின் வாய் பிளந்தது. "செ... செராஃபினா?"

ஆணையர் பூசணி பீப்பாயிலிருந்து குதித்தார். தேவியின் கையைப் பிடித்து முத்தமிட்டார். உதட்டில் மாவு ஒட்டிக்கொண்டது. கையில் மாவு போன இடத்தைப் பார்த்தார். அவர் கண்கள் பனித்தன.

"அடிமைப் பெண்ணையே சுதந்திர தேவியாக்கிவிட்டீர்களா! தலைவரே மண்டியிட்டிருக்கிறார்! பாரீஸில் எங்களுக்குக்கூட இது தோன்றவில்லையே! குடிமகன் போன்வால், இதை அரசாங்கத்துக்கு நான் விவரமாகச் சொல்வேன்!" என்று அவரைக் கட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு மாலுமிகள் வரிசையாக நின்றார்கள்.

"நாங்கள்... எப்போதுமே இப்படித்தான்" என்றார் போன்வால்.

சிறையைத் திறந்தார்கள். எக்தோர் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தான். வண்டி மேல் நின்ற வெள்ளை உருவத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

"யோவ், நான்தான்யா."

"செராஃபினா?" அவன் பதறிவிட்டான். "உனக்கு என்ன ஆச்சு, இப்படி வெளுத்துப் போயிட்ட?"

தேவி, குனியக்கூடாது என்ற கட்டளையை மறந்து, வண்டியிலிருந்து அவன் மேல் விழுந்து சிரித்தாள். அழுதாள். அவனும் பாதி வெள்ளையானான்.

ஆணையருக்கு விருந்து வைத்தார்கள். தீவின் ரம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. இரண்டாவது கோப்பையில் தேசிய கீதம் பாடினார். நான்காவதில் மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டார். மாலுமிகளுக்கும் பீப்பாய் அனுப்பினார்கள். பிற்பகலில் சபை அவசரமாகக் கூடியது. தேவியையும் அவள் புருஷனையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று இஸ்திரிக் கொட்டடியில் அடைத்தார்கள். பலகைச் சுவரைப் பற்றி அன்றும் யாருக்கும் நினைவு வரவில்லை.

"பெருமக்களே!" போன்வாலின் குரல் தழுதழுத்தது. "இந்தச் சட்டத்தை நாம் மதிக்கிறோம். தலைமேல் வைத்துப் போற்றுகிறோம். அதனால்தான் சொல்கிறேன், இவ்வளவு உயர்ந்த ஒரு சட்டத்தை இந்தப் புழுதியிலும் சேற்றிலும் நடைமுறைப்படுத்தி அழுக்காக்க நமக்கு மனம் வருமா? கசங்காமல் பாரீஸுக்கே திருப்பி அனுப்புவோம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பூசணிக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளாது, அழுகிவிடும் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். அவரையும் சட்டத்தோடு சேர்த்துக் கப்பலேற்றுவதாகத் தீர்மானம் ஆனது.

"அந்தச் சலவைக்காரிக்கு ஐம்பது சவுக்கடி" என்றார் ஒருவர்.

எக்தோரின் விரல்கள் செராஃபினின் தோளை இறுக்கின.

"முடியாது" என்றது பிதூவின் குரல். "தேவியை அவமதிப்பவன் தலை உருளட்டும் என்று இன்று காலை சத்தியம் செய்திருக்கிறோம். சவுக்கடி அவமதிப்பு."

"அப்ப அவ தேவியே இல்லன்னு அறிவிச்சிடுவோம்."

"அவள் தேவி இல்லை என்றால் சத்தியம் செல்லாது. சத்தியம் செல்லாவிட்டால் சபை செல்லாது. சபை செல்லாவிட்டால் நீங்கள் இதைப் பேசவே முடியாது."

"சலவைக்கே திருப்பி அனுப்பிடலாமே?"

"சுதந்திர தேவி தலைவரின் உள்ளாடையைத் துவைப்பதா? அதுவும் அவமதிப்பு. தலைவரின் தலைதான் உருளும்."

அந்தச் சபைக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான், ஏற்றுமதி. ஆகவே, சுதந்திரம் பிரெஞ்சு நாட்டின் விளைபொருள் என்பதாலும், தீவில் அதன் பணி இனிதே நிறைவுற்றது என்பதாலும், அதை உரிய மரியாதைகளோடு கப்பலேற்றுவது என்று ஒருமனதாக நிறைவேற்றினார்கள். கொல்லன் சபையின் சொத்து, அவன் இங்கேயே இருப்பான்.

கொஞ்ச நேரத்தில் பிதூ கொட்டடிக்குள் வந்தார். தீர்மானத்தைப் படித்துக் காட்டி, பழக்கதோஷத்தில் தேவிக்கு ஒரு வணக்கமும் போட்டார்.

செராஃபின் எக்தோரைப் பார்த்தாள். அழுது பிரயோஜனம் இல்லை என்பது எசமானியின் காலைப் பிடித்த அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கலைந்திருந்த குல்லாயைச் சரிசெய்துகொண்டாள்.

"ஐயா, தேவின்னா தனியாவா போவா?"

"ஏன்?"

"பாரீஸ்ல தேவிக்குப் பின்னால பரிவாரமெல்லாம் வருமாமே. நீங்கதான் சபையில சொன்னீங்க."

பிதூவின் முகம் மாறியது. அது அவருடைய பழைய மனக்குறை. "வரும். சமத்துவம், சகோதரத்துவம், பகுத்தறிவு, உழைப்பு, வளம்... நான் எவ்வளவோ சொன்னேன். இங்க வேஷம் கட்ட வெள்ளைக்காரங்க பத்தலைன்னுட்டாங்க."

"வந்தப்ப ஆள் பத்தல, சரி. திருப்பி அனுப்பும்போதும் இப்படி மொட்டையா அனுப்புனா, ஒரு தேவிய முறையா வழியனுப்பத் தெரியாத ஆளான்னு பாரீஸ்ல உங்களத்தானே கேப்பாங்க?"

பிதூ தீர்மானத்தைப் பிரித்து மறுபடி படித்துப் பார்த்தார்.

"எங்கூட்டுக்காரரு உழைப்பு" என்றாள் அவள். "சுத்தியல் பட்டறையிலயே கெடக்கு, எடுத்துக்கிட்டாப் போதும். பஸ்தியான் பகுத்தறிவு. சமையக்கார மரியேத் வளம், அவ உடம்பே போதும்."

"அப்புறம் பருவங்கள்" என்றார் பிதூ. தன்னை மறந்துவிட்டார். "நாலு பருவம்."

"நம்ம ஊர்ல மழை, வெயில், ரெண்டுதானேங்க?" என்றான் எக்தோர்.

"பாரீஸ் முறைப்படி நாலு! குளிர்காலம்னு ஒண்ணு உண்டு. அதுக்கு வர்றவன் நடுங்கணும்."

"அது எங்க எல்லாருக்கும் வரும்" என்றான் எக்தோர்.

செராஃபின் மெல்லக் கேட்டாள்: "பருவம்னா அதுக்குள்ள மாசம் இருக்குமேங்க?"

பிதூ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பன்னிரண்டு மாதங்கள்! ஒவ்வொண்ணும் மாலையோட!"

"மாசம்னா அதுல நாள்?"

அவர் கண் முன்னால், உலகத்தில் எந்த ஊரிலும் எவரும் நடத்தியிராத ஓர் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. குடியரசின் முழு நாட்காட்டி, நடந்து வருகிறது. எழுந்து சபைக்கு ஓடினார். 'தேவியும் அவளது முறைப்படியான பரிவாரமும்' என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மாலுமிகள் போதை தெளிந்து எழுந்துவிடுவார்களோ என்ற பயத்தில் உறுப்பினர்கள் கேட்காமலேயே கை தூக்கினார்கள்.

வெயில் சாய்கிற வேளையில் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் தேவி. பின்னால் உழைப்பு, பகுத்தறிவு, வளம். அதன்பின் நான்கு பருவங்கள். அதன்பின் ஆலையிலிருந்தும் கரும்புக் காட்டிலிருந்தும் குதிரை லாயத்திலிருந்தும் வந்த நாட்கள். பிதூ வழியில் நின்று ஒவ்வொருவருக்கும் பெயர் சூட்டினார். "நீ கேரட். நீ குங்குமப்பூ. நீ உருளைக்கிழங்கு, நிமிர்ந்து நட. நீ கழுதை."

"நான் ஏங்க கழுதை?"

"பதினஞ்சாம் தேதிப்பா, புனிதமான நாள்."

"சரிங்க" என்று கழுதை பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு படகேறினான். அவள் அல்லிப்பூ. வருடக் கடைசியில் மிஞ்சும் ஐந்து நாட்களுக்குக் கைக்குழந்தைகளைக் கொடுத்தார்கள். போர்வையில் சுருட்டி ஏற்றப்பட்ட குடிமகன் பூசணியையும் சரியான தேதியில் செருகினார் பிதூ.

போன்வால் கரையில் நின்று, நெஞ்சில் கை வைத்துப் பேசினார். "போய் வா சுதந்திரமே! நீ எங்கே இருந்தாலும் உன்னை நாங்கள் மறக்கமாட்டோம்!" யூலாலி கைக்குட்டையை ஆட்டினாள். கப்பலில் காவலுக்கு இருந்து ரம் கிடைக்காமல் போன மாலுமிகள் பாய் விரிக்க, கப்பல் முனையைத் தாண்டிய பிறகுதான் ஒரு துரை தன் குதிரையைப் பிடிக்க ஆள் தேடினார். இன்னொருவர் விளக்கேற்றச் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தீவில் நாள் என்று சொல்ல ஒன்றுகூட மிச்சமில்லை.

கப்பலில் அன்றிரவு யாரும் தூங்கவில்லை. நெருக்கியடித்து உட்கார்ந்து பாடினார்கள். செராஃபின் கடல் நீரில் முகம் கழுவினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எக்தோர் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "இப்பத்தான் நீ" என்றான்.

மறுநாள், பாரீஸ் போகும் வழியில், அந்தச் சட்டம் ஏற்கெனவே நடைமுறைக்கு வந்துவிட்ட பெரிய தீவு ஒன்றில் கப்பல் கரை சேர்ந்தது. குடிமகன் பூசணி இன்னும் போர்வையை விட்டு எழவில்லை. மூவண்ணக் கச்சை கட்டிய அதிகாரி ஒருவர் வரவேற்க வந்திருந்தார். பீப்பாய் மேல் ஏறினார்.

"குடிமக்களே! குடிமகள்களே! நீங்கள் இன்று முதல் சுதந்திரமானவர்கள். உங்களை யாரும் விற்க முடியாது, வாங்க முடியாது!"

ஆரவாரம் வானத்தைப் பிளந்தது. உருளைக்கிழங்கும் கேரட்டும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பகுத்தறிவு மண்ணில் விழுந்து புரண்டான். அதிகாரி கையமர்த்தினார்.

"சுதந்திரமானவர்கள் என்பதால், நாளை விடியற்காலை மணி அடித்ததும் அனைவரும் கரும்புத் தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும். அனுமதி இல்லாமல் தோட்டத்தை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது. குடியரசுக்குச் சர்க்கரை தேவை."

"இந்தப் பேச்சு எங்கியோ கேட்ட மாதிரி இருக்கே, செராஃபின்" என்றான் எக்தோர்.

"குடிமகன் அதிகாரி," என்று செராஃபின் முன்னால் வந்தாள், "கூலி எவ்வளவுங்க?"

"அதைப் பற்றி ஒரு குழு ஆராய்ந்துகொண்டிருக்கிறது."

அவள் சுற்றிலும் பார்த்தாள். சதுக்கத்தில் பச்சை வர்ணம் அடித்த ஒரு மரம் நின்றது. அதன் பக்கத்தில் ரிப்பன் சுற்றிய ஒரு வண்டி. வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பி வந்தது. அதை அடக்கிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, எவருக்கும் குனியாத அந்தக் கழுத்தோடு கேட்டாள்:

"இந்த ஊர்ல சுதந்திரத் திருவிழா எப்பங்க?"

"வருகிற பத்தாம் தேதி" என்றார் அதிகாரி பெருமையாக. "ஏன் கேட்கிறீர்கள்?"

அவளுக்குப் பின்னால் ஒரு வருடம் முழுவதும் நெருங்கி வந்து நின்றது.

"தேவிக்கு ஆள் பாத்துட்டீங்களா?"